பூவுக்கு முதுகு காட்டியவர்

"மேடம், இந்தப் பூ மூணு நாள்தான் நிக்கும். அதுல ஒரு காலை போயிருச்சு. நீங்க என் படத்தப் பாக்கவே மாட்டேங்கிறீங்க."

பால்ச்சாமி வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே வா என்று யாராவது சொல்லும்வரை உள்ளே வராத மனிதர்.

மெர்லின் அடுப்பில் கொதித்த டீயை இறக்கி வைத்தார்.

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"அம்பது நிமிஷம், மேடம்."

"ஒரு காலையில அம்பது நிமிஷம் எடுத்தீங்களா?"

"எடுத்தது நாலு மணி நேரம். சுருக்கித்தான் அம்பது."

மெர்லின் இரண்டாவது டம்ளரை எடுத்தார்.

"உள்ள வாங்கண்ணே. குடிச்சிட்டுப் பாப்போம்."

இந்த மாதிரிக் கதைகளில் குருவுக்குத் தாடி நரைத்திருக்கும், சீடனுக்கு மீசை முளைத்திருக்காது. நான் என்ன செய்வது, இங்கே எல்லாம் தலைகீழ். குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு நாற்பத்தாறு, முன்வழுக்கை வேறு.

மெர்லின் சென்னையில் பத்து வருஷம் படத்தொகுப்பு செய்தவர். இப்போது மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்துப் பழைய பங்களாவில் ஆறு மாதம் சினிமா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் ஏழு பேர். கடைசி மாதம் ஆளுக்கு ஒரு சின்னப் படம் எடுத்துக் காட்ட வேண்டும்.

ஆறு பேர் இருபது வயதுக்காரர்கள். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து படம் எடுக்க மதுரைக்கு இறங்கிப் போய்விட்டார்கள். பால்ச்சாமியைக் கூப்பிடக் கூடாது என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை. கூப்பிட வேண்டும் என்றும் யாரும் நினைக்கவில்லை.

பால்ச்சாமிக்கு அது பழக்கம்தான். வத்தலக்குண்டில் இருபத்திரண்டு வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர். எடுத்து எடுத்தே தனக்கு ஒன்று ஆகாமல் போனவர். மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டு, சொல்லிக்கொள்ள ஆள் இல்லாமல் கிளம்புகிறவர்.

வகுப்பில் சேர்ந்த அன்றைக்கு மெர்லின், எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார்.

"ஊர்ல ஆயிரம் வீட்டு பீரோவுல நான் எடுத்த படம் இருக்கு, மேடம். எங்க வீட்டு பீரோவுல ஒண்ணும் இல்ல. எனக்குன்னு ஒரு படம் எடுத்துட்டுப் போயிர்றேன்."

வைகாசியில் பதினோரு முகூர்த்தம் ஒத்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போனால் திரும்ப வரப்போவதில்லை. எடுத்தால் இப்போது, இல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

எதை எடுப்பது என்று ஐந்து மாதம் தெரியவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு மழை பெய்தது. காப்பிச் செடி அந்த ஒரு மழைக்குத்தான் காத்திருக்கும். பெய்த ஒன்பதாம் நாள் காலையில் மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகிவிட்டது. இலை தெரியவில்லை, கிளை தெரியவில்லை. காற்றெல்லாம் மல்லிகை மாதிரி ஒரு வாசம்.

அந்த வாசத்தில்தான் பால்ச்சாமிக்குத் தன் படம் எது என்று தெரிந்தது. தெரிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

படத்தை ஓட்டினார்கள்.

பூ. அடுத்த செடி, பூ. அதற்கடுத்த செடி, பூ. மெதுவாக நகரும் தேனீ. பிறகு மறுபடியும் பூ. பின்னால் நாதஸ்வரம் இல்லை, அவ்வளவுதான் குறை.

பன்னிரண்டு நிமிஷம் பார்த்த பிறகு மெர்லின் நிறுத்தினார்.

"இந்தச் செடி எதுக்கு?"

"எது மேடம்?"

"இந்த ஓரத்துல நிக்கிறது. நாலே நாலு பூ இருக்கு. இதையும் அஞ்சு செகண்டு எடுத்திருக்கீங்க."

"ஓரமா நின்னுச்சு மேடம். விட்டுட்டா நல்லா இருக்காதுன்னுட்டு."

"ஏன், கோவிச்சுக்குமா?"

பால்ச்சாமி சிரிக்கவில்லை. அவருக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை.

"கோவிச்சுக்குவாங்க, மேடம். ஒரு கல்யாணத்துல பொண்ணோட சித்தப்பா ஒருத்தர் விட்டுப்போச்சு. ஒரே ஒரு ஷாட்ல கூட அவர் வரல. மூணு வருஷம் கழிச்சும் பஸ் ஸ்டாண்டுல வச்சு என்கிட்ட கேட்டாரு. என்னைய ஏன் எடுக்கலைன்னு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. அதுல இருந்து யாரையும் விடுறது இல்ல."

மெர்லின் திரையைப் பார்த்தார். நாலு பூ வைத்த செடி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"இதுல நீங்க எங்கண்ணே இருக்கீங்க?"

"நானா? கேமராவுக்குப் பின்னாடி."

"எப்பவும் அங்கதானா?"

"வேற எங்க மேடம் நிக்கிறது?"

மெர்லின் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பால்ச்சாமி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தன் அறைக்கு நடந்தார்.

அவருக்குக் கொடுத்திருந்த அறை, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் நீள வரிசை வீட்டில் கடைசி அறை. எட்டுக் கதவுகள். பூ நிற்கிற நாட்களில் தோட்டத்துக்குள் யாரும் இறங்குவதில்லை. செடியை அசைத்தால் பூ கொட்டிவிடும், காய் பிடிக்காது. வேலை இல்லாததால் எல்லோரும் கீழே திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். ஏழு கதவுகளில் பூட்டுத் தொங்கியது.

பால்ச்சாமி கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்தார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மேடம் கேட்டாரே. அட, இவ்வளவுதானா விஷயம்!

மறுநாள் விடிந்ததும் கேமராவை முக்காலியில் நிறுத்தினார். நல்ல பூவாகப் பார்த்து ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பட்டனை அழுத்திவிட்டு ஓடிப்போய்ச் செடியின் முன்னால் நின்றார்.

கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் கட்டினார். பிறகு முன்னால் கட்டினார். ஆயிரம் மாப்பிள்ளைகளுக்கு, தோளைத் தளர்த்துங்க, லேசா சிரிங்க என்று சொன்ன மனிதர். தனக்குத் தானே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பதினோரு மணிக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டினார்.

மெர்லின் பார்த்தார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அண்ணே, இது ஆதார் கார்டு."

பால்ச்சாமியின் முகம் சுண்டிப்போனது. மெமரி கார்டைக் கழற்றினார், சட்டைப் பையில் போட்டார், வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்தார். அவர் திரும்பி வந்தது அவருக்கே ஆச்சரியம்.

"என்னதான் எடுக்கச் சொல்றீங்க மேடம்? எல்லாத்தையும் எடுத்தா யாரு வீட்டுக் கல்யாணம்ங்கிற மாதிரிப் பாக்கிறீங்க. என்னைய எடுத்தா ஆதார் கார்டுங்கிறீங்க. நாளைக்கு ஒரு நாள்தான். நாளை மத்தியானம் பூவெல்லாம் பழுப்பாயிரும். மறுபடி அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன். எனக்கு மனசுல என்னமோ இருக்கு மேடம். பூவப் பாத்ததும் வந்துச்சு. அது வெளிய வர மாட்டேங்குது."

இவ்வளவு நீளமாக அவர் பேசி மெர்லின் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை.

"உக்காருங்க," என்றார் மெர்லின்.

உட்கார்ந்தார்.

"நேத்துக் காலையில கதவத் திறந்தீங்க."

"ஆமா."

"அப்புறம்?"

"கேமராவ எடுத்தேன்."

"உடனேவா?"

"உடனேதான். இல்ல, வெளிய வந்தேன். முத்தத்தத் தாண்டி சரிவு விளிம்பு வரைக்கும் போனேன். பாத்தேன். அப்புறம் வந்து கேமராவ எடுத்தேன்."

"பாத்ததுக்கும் எடுத்ததுக்கும் நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல மேடம்."

மெர்லின் விடவில்லை. படத்தொகுப்பு செய்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டு ஷாட்டுக்கு நடுவே எதையாவது வெட்டியிருந்தால் மூக்கில் வியர்த்துவிடும்.

"நடுவுல என்ன செஞ்சீங்கண்ணே?"

பால்ச்சாமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. பூத்த நாள் முதல் அந்தச் சத்தம் ஓயவே இல்லை.

"திரும்பினேன்," என்றார்.

"எந்தப் பக்கம்?"

"வீட்டுப் பக்கம்."

"எதுக்கு?"

"கூப்பிட."

"யாரை?"

"அதான் மேடம்." பால்ச்சாமி மூக்கை உறிஞ்சினார். "இங்க வாங்களேன், வந்து பாருங்களேன்னு சொல்லணும்னு வந்துச்சு. வாயத் திறந்துட்டேன். திரும்பின பிறகுதான் ஞாபகம் வந்துச்சு, கூப்பிட ஆளே இல்லன்னு."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். நாற்பத்தாறு வயது மனிதர் சொல்லக்கூடிய விஷயமா இது. ஆனாலும் சொன்ன பிறகு நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. இறங்கின இடத்தில் வலித்தது.

மெர்லின் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. தோளைத் தட்டவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லி எல்லாவற்றையும் கெடுத்திருப்பேன். அவர் குரு.

"திரும்பினப்போ எதிர்ல என்ன இருந்துச்சு?"

"கதவுங்க. எட்டுக் கதவு."

"அதுல லைட் எப்ப நல்லா விழும்?"

பால்ச்சாமி நிமிர்ந்தார். இருபத்திரண்டு வருஷத் தொழில் அவரைக் கேட்காமலேயே பதில் சொன்னது.

"காலையில ஆறே முக்கால். வெயில் மலைய ஏறி வந்து நேரா கதவுல அடிக்கும்."

"அப்ப ஆறு மணிக்கு எந்திரிங்க."

"மேடம், அப்பப் பூ?"

மெர்லின் எழுந்து டம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.

மூன்றாம் நாள்.

பால்ச்சாமி ஆறரைக்குச் சரிவின் விளிம்பில் நின்றார். முதல் நாள் எங்கே நின்றாரோ அதே இடம். வீட்டுக்குள்ளிருந்து வரும்போது தன் அறைக் கதவைத் திறந்தே விட்டு வந்திருந்தார்.

கேமராவை வீட்டுப் பக்கம் திருப்பினார். பூவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

முதல் நாள் வெள்ளை இன்று இல்லை. சில கொத்துகளின் ஓரம் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. இருந்தாலும் இன்னும் பூதான், இன்னும் மலை முழுக்கப் பூதான். இந்த ஜென்மத்தில் மறுபடி பார்க்கப்போகிறாரோ இல்லையோ. அதைப் பின்னால் விட்டுவிட்டுப் பூட்டின கதவுகளை எடுக்கிறார். கெட்டிமேளம் கொட்டும்போது கேமராவைச் செருப்பு விடும் இடத்துக்குத் திருப்பி வைத்த வீடியோக்காரன் உலகத்தில் உண்டா? உண்டு என்றால் அவன் முதுகில் நாலு விழுந்திருக்கும்.

பட்டனை அழுத்தினார்.

ஏழு பூட்டு. ஒரு திறந்த கதவு. கொடியில் ஒரு துண்டு. முற்றத்தில் ஒரு வாளி.

பின்னால் தேனீக்கள் இரைந்தன. வாசம் பிடரியில் வந்து மோதியது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பால்ச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டார்.

வெயில் மலையைத் தாண்டி வந்தது. கதவுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. அப்போதுதான் கவனித்தார். முற்றத்து மண்ணில் நீளமாக ஒரு நிழல் விழுந்திருந்தது. கேமராவும் அதன் பின்னால் ஒரு ஆளும்.

தன் நிழல் விழுந்த ஷாட்டை அவர் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை. பெண் வீட்டார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். கால் தானாக ஒரு அடி விலகப் போனது.

யார் வரப்போகிறார்கள் சண்டைக்கு?

அப்படியே நின்றார். திறந்த கதவிலிருந்து யாரும் வரவில்லை. வர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நாலு நிமிஷம் ஆகும்வரை காத்திருந்தார். கன்னம் நனைந்ததைத் துடைக்கவில்லை. துடைத்தால் நிழல் அசையும்.

பங்களாவின் பின்னறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி அதைத்தான் திரையரங்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. மெர்லின் முன் வரிசையில் உட்கார்ந்தார்.

"உக்காருங்கண்ணே."

"இருக்கட்டும் மேடம்."

பால்ச்சாமி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"எத்தனை நிமிஷம்?"

"நாலு."

"எத்தனை ஷாட்?"

"ஒண்ணு, மேடம்."

மெர்லின் விளக்கை அணைத்தார்.

கதவுகள் வந்தன. தேனீச் சத்தம் வந்தது. பார்க்கிறவருக்கு முன்னால் பூட்டின வீடு, பின்னால் ஏதோ ஒன்று இரைகிறது. என்னவென்று காட்டவில்லை.

முதல் நிமிஷம் மெர்லின் அசையவில்லை.

இரண்டாவது நிமிஷத்தில் வெயில் வந்தது. முற்றத்தில் அந்த நிழல் மெல்லத் துலங்கியது. திறந்த கதவை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றது.

பால்ச்சாமி திரையைப் பார்க்காமல் மெர்லினைப் பார்த்தார். பூவே இல்லாத பூப்படம். பாதியில் நிறுத்தச் சொல்லிவிடுவார். இது என்னண்ணே என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. கீழே இறங்கும் பஸ் மூன்று மணிக்கு. அதில் ஏறிவிடலாம்.

மூன்றாவது நிமிஷம்.

மெர்லின் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். நாற்காலியில் உடம்பை முழுக்கத் திருப்பி, பின்னால் பார்த்தார்.

புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் கண்கள் ஈரமாக இருந்தன. பார்வையை எடுக்கவில்லை.

பால்ச்சாமி இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறதைத்தான் செய்தார். யாராவது தன் பக்கம் பார்த்தால், தனக்குப் பின்னால் நிற்பவரைத்தான் பார்க்கிறார்கள் என்று வழி விட்டு ஒதுங்குவார். ஒதுங்கினார். ஒதுங்கித் திரும்பிப் பார்த்தார்.

சுவர்தான் இருந்தது.

"யாரப் பாக்குறீங்க மேடம்?"

"உங்களத்தான்."